ஹெட்டர் மாத்தப் போறீங்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஹெட்டர் பத்திதான், அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். ஹெட்டர்னா என்னன்னு தெரியாம இந்தப் பக்கத்தைத் திறந்தவங்களுக்கு ஒரு வரி: இன்ஜின்ல ஒவ்வொரு சிலிண்டர்லேர்ந்தும் எரிஞ்ச புகை வெளிய வர்ற வாயில மாட்டியிருக்கிற குழாய்க் கூட்டம் அது, நாலு குழாயும் ஒண்ணா சேர்ற இடத்துக்கு கலெக்டர்னு பேரு, அதுக்குப் பின்னாடிதான் நாம சைலன்சர்னு சொல்ற மத்த சமாச்சாரமெல்லாம்.

கேள்வி: அண்ணா, நான் சான் ஹோசேல வேலை பாக்கறேன். 2013 மாடல் சையன் எஃப்ஆர்-எஸ் செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. இன்ஜின் சுத்தற வேகம் 3500 ஆர்பிஎம் தாண்டினா வண்டி சோர்ந்து போகுது, 4500க்கு மேலதான் திரும்ப உயிர் வருது. ஹெட்டர் மாத்தினா சரியாயிடும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. குழாய் எல்லாம் ஒரே நீளமா இருக்கிற ஈக்வல் லெங்த் வாங்கறதா, அன்ஈக்வல் வாங்கறதா?

தம்பி, உங்க வண்டில கோளாறு ஒண்ணும் இல்ல, முதல்ல அந்தக் கவலைய விடுங்க. சையன் எஃப்ஆர்-எஸ், டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் மூணுமே ஜப்பான்ல குன்மா மாநிலத்து ஓட்டா ஊர் சுபாரு ஃபேக்டரில பொறந்த ஒரே கார்தான், மூணுலயும் அதே எஃப்ஏ20 பாக்ஸர் இன்ஜின், அதாவது சிலிண்டர்கள் பக்கத்துக்கு ரெண்டா படுத்த வாக்குல இருக்கிற இன்ஜின், 7000 ஆர்பிஎம்ல 200 குதிரைசக்தி. நீங்க சொல்ற அந்த நடுப் பள்ளம் இந்த இன்ஜின் வந்த நாள்லேர்ந்தே இருக்கு, ஓட்டினவங்க எல்லாருக்கும் தெரியும். 2022 மாடல்ல 2.4 லிட்டர் இன்ஜின் வந்தப்பதான் கம்பெனியே அதைக் கிட்டத்தட்ட மூடினாங்க.

ஹெட்டர் அதை எப்படி மாத்துதுன்னு கேட்டீங்கன்னா, நிறைய பேர் புகை சீக்கிரம் வெளிய போகும் அவ்வளவுதான்னு நினைக்கறாங்க, விஷயம் அது மட்டும் இல்ல. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாய்ல ஓடுது, கலெக்டர்ல திடீர்னு இடம் அகலமானதும் அங்கேர்ந்து ஒரு உறிஞ்சற அலை திரும்பி வருது, அது வால்வுகிட்ட வந்து சேர்ற நேரமும் இன்டேக் எக்ஸாஸ்ட் ரெண்டு வால்வும் லேசா திறந்திருக்கிற நேரமும் ஒத்துப்போச்சுன்னா உள்ள மிச்சம் இருக்கிற பழைய புகைய இழுத்துட்டு புதுக் காத்தையும் சேர்த்து உள்ள கூட்டிட்டு வரும். நேரம் தப்பினா அதே அலை எதிரா வேலை செய்யும். குழாயோட நீளம்தான் எந்த ஆர்பிஎம்ல ஒத்துப்போகணும்ங்கறத முடிவு பண்ணுது, நீளமான குழாய்னா கீழ் ஆர்பிஎம், குட்டையான குழாய்னா மேல. விட்டம் பெருசானா டாப் எண்டுக்கு நல்லது, ஆனா கீழ காத்தோட வேகம் குறைஞ்சு வண்டி மந்தமாகும். பேக் பிரஷர், அதாவது புகைக்குக் கொஞ்சம் எதிர் அழுத்தம், வேணும்னு சொல்றவங்க உண்மையில சொல்ல வேண்டியது இந்த வேகத்தைத்தான், அழுத்தம் எந்த இன்ஜினுக்கும் நல்லது பண்ணாது.

இப்ப ஈக்வல், அன்ஈக்வல். உங்க இன்ஜின்ல வெடிக்கிற வரிசை 1-3-2-4. ஒண்ணும் மூணும் ஒரே பக்கம், ரெண்டும் நாலும் மறுபக்கம். ஒரே பக்கத்து ரெண்டையும் முதல்ல சேர்த்து, ஒரு பக்கத்துக் குழாய மட்டும் நீளமா விட்டா அடுத்தடுத்து ரெண்டு வெடி, அப்புறம் ஒரு இடைவெளின்னு ஒழுங்கில்லாம வரும், பழைய சுபாரு இம்ப்ரெஸால கேக்கற அந்த குடுகுடு சத்தம் அதுதான். ஒண்ணையும் ரெண்டையும் ஒரு ஜோடி, மூணையும் நாலையும் ஒரு ஜோடின்னு சம நீளத்துல சேர்த்தா வெடிகளுக்கு நடுவுல சமமான இடைவெளி கிடைக்கும், ஒண்ணோட புகை இன்னொண்ணு மேல முட்டாது. உங்க கம்பெனி ஹெட்டரே சம நீளம்தான். சத்தத்துக்காகன்னா அன்ஈக்வல், ஓட்டத்துக்காகன்னா ஈக்வல் லெங்த் 4-2-1, அதாவது நாலு குழாய் ரெண்டாகி அப்புறம் ஒண்ணாகறது, எனக்கு இதுல ரெண்டாவது யோசனையே கிடையாது. ஆனா ஹெட்டர் மட்டும் மாட்டினா பள்ளம் கொஞ்சம்தான் குறையும், கூட ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர், அதுக்கு டியூனும் பண்ணினாதான் நல்லா நிரம்பும்.

இங்கதான் உங்களுக்குச் சிக்கல். புகைல இருக்கிற நச்சைக் குறைக்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (சுருக்கமா கேட்), இந்தக் காருக்கு முதல் ஒண்ணு கம்பெனி ஹெட்டருக்குள்ளயே இருக்கு, ஹெட்டரைக் கழட்டினா கேட்டும் சேர்ந்து போயிடும். கலிஃபோர்னியால தெருவுல ஓட்டற வண்டிக்கு எமிஷன், அதாவது புகை மாசு, சம்பந்தப்பட்ட எந்த சாமான் மாத்தினாலும் கார்ப்ங்கற மாநிலக் காத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குடுத்த ஈஓ நம்பர் (அனுமதி எண்) அந்த சாமானுக்கு இருக்கணும், அதுவும் உங்க மாடல் வருஷத்துக்கே இருக்கணும். உங்க வண்டிக்கு எட்டு வருஷம் தாண்டியாச்சு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்மாக் செக்ங்கற புகைப் பரிசோதனை உண்டு, ஆய்வாளர் பானட்டைத் திறந்து கண்ணால பாப்பார், 2021 ஜூலைலேர்ந்து ஈசியூல இருக்கிற சாஃப்ட்வேரையும் பாக்கறாங்க, அனுமதி இல்லாத டியூன்னா அங்கயே ஃபெயில். செக் பண்றதுக்கு முன்னாடி நாள் பழசை மாட்டிக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. அது வருஷக்கணக்கா உங்களை காருக்கு அடியில படுக்க வைக்கிற யோசனை, சட்டத்துக்கும் விரோதம். கார்ப் வெப்சைட்ல உங்க மாடல் போட்டுத் தேடுங்க, ஈஓ இருந்தா வாங்குங்க, இல்லைன்னா அந்தக் காசுக்கு நாலு நல்ல டயர் வாங்கிட்டு லகுனா சேக்கா ரேஸ் ட்ராக்ல ஒரு ட்ராக் டே போங்க. 4500க்கு மேலயே ஊசிய வெச்சு ஓட்டிப் பழகினா அந்தப் பள்ளம் உங்களுக்கு ஞாபகத்துக்கே வராது.

கேள்வி: சார், ஹூஸ்டன்லேர்ந்து எழுதறேன். அதே 86, 2017 மாடல். ஹை ஃப்ளோ கேட்டோட வர்ற ஹெட்டர் வாங்கி வெச்சிருக்கேன். வீட்டு கராஜ்லயே நானும் மச்சானும் மாட்டலாம்னு இருக்கோம். எதுல கவனமா இருக்கணும்?

ரெண்டு பேர் இருக்கறது பாதி வேலை முடிஞ்ச மாதிரி, ஏன்னா கடைசில ஹெட்டரைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள், நட்டு ஏத்த ஒரு ஆள் கட்டாயம் வேணும். டெக்சஸ்ல 2025 ஜனவரிலேர்ந்து சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷனை எடுத்துட்டாங்க, ஆனா ஹூஸ்டன் இருக்கிற ஹாரிஸ் கவுண்டி மாதிரி சில கவுண்டில எமிஷன் டெஸ்ட் இன்னும் இருக்கு. கேட் இருக்கிற ஹெட்டர்னாலும் அந்த கேட் உங்க வண்டிக்கு ஒத்துக்கிட்ட சாமானான்னு விக்கறவங்ககிட்ட எழுத்துல வாங்கி வெச்சுக்கங்க, அது இல்லாம மாட்ட வேண்டாம்.

வேலைக்கு முதல் நாள் ராத்திரியே ஹெட்டர் நட்டு, கீழ ஹெட்டரையும் பின்னாடி குழாயையும் இணைக்கிற ஓவர்பைப்போட நட்டு, ஆக்சிஜன் சென்சார் மரை எல்லாத்துலயும் பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு ஊற விடுங்க, காலைல இன்னொரு தடவை. இன்ஜின் முழுசா ஆறியிருக்கணும். பாக்ஸர் இன்ஜின்ல புகை வாய் கீழ்ப்பக்கம் பாத்து இருக்கறதால எல்லா வேலையும் அடியிலேர்ந்துதான், அதனால காரை நாலு ஜாக் ஸ்டாண்ட் மேல சமதரைல நிறுத்தி, கையால ஆட்டிப் பாத்து அசையலைன்னு உறுதியானப்புறம்தான் உள்ள போகணும். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு நிமிஷம்கூட தலைய உள்ள விடாதீங்க, இதை மச்சான்கிட்டயும் சத்தமா சொல்லுங்க. கண்ணாடி போட்டுக்கங்க, மேலேர்ந்து துரு கொட்டும்.

அடித்தட்டைக் கழட்டி, சென்சார் ரெண்டோட பிளக்கையும் எடுத்துட்டு, பக்கவாட்டுல வெட்டு இருக்கிற 22 மி.மீ. சாக்கெட்டால சென்சாரைத் திருகி எடுங்க. வயரைப் பிடிச்சுத் தொங்க விடாதீங்க, கீழ போட்டா உள்ள இருக்கிற பீங்கான் உடைஞ்சிடும், வெளிய பாத்தா தெரியாது. எது கேட்டுக்கு முன்னாடி சென்சார், எது பின்னாடி சென்சார்னு டேப் ஒட்டி வெச்சுக்கங்க, ரெண்டும் வேற வேற வகை.

நட்டு கழட்டறப்பதான் பொறுமை. எனக்கு இருபத்திநாலு வயசு, ஒரு பழைய ரெண்டு சீட்டு காரோட மேனிஃபோல்ட், அதாவது கம்பெனி புகைக்குழாய்க் கூட்டம், கழட்டறேன், ஆயில் ஊற விட நேரம் இல்லைன்னு ஸ்பானர் பிடியில ஒரு நீளப் பைப்பை மாட்டி இழுத்தேன், டக்னு ஒரு சத்தம், ஸ்டட், அதாவது நட்டு ஏறற தலையில்லாத போல்ட், சிலிண்டர் ஹெட்டோட மட்டமா ஒடிஞ்சு போச்சு. நடுப்புள்ளி பாத்து டிரில் போட்டு, மீதிய எடுத்து, மரைக்கு ஹெலிகாயில்ங்கற கம்பிச்சுருள் வெச்சு முடிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு, வண்டிக்காரர் அந்த ரெண்டு நாளும் பஸ்ல போனார். நட்டு வரலைன்னா கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, திரும்ப ஆயில் விட்டு, இப்படி முன்ன பின்ன ஆட்டி ஆட்டித்தான் எடுக்கணும். அது முறுக்கற மாதிரி ரப்பரா கைக்குத் தெரிஞ்சா அங்கயே நிறுத்திடுங்க, ஒடியப் போகுதுன்னு அர்த்தம். நட்டோட சேர்ந்து ஸ்டட்டே வெளிய வந்துட்டா பயப்படாதீங்க, அதைத் திரும்பப் போடாம புதுசு போடுங்க.

சிலிண்டர் ஹெட் அலுமினியம். பழைய கேஸ்கட் ஒட்டிட்டு இருந்தா பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால மெதுவா எடுங்க, கிரைண்டர் தட்டைக் கிட்ட கொண்டு போகாதீங்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம் விழுந்தாலும் அங்க லீக்தான். ஹெட்டர் ஃபிளாஞ்ச், அதாவது இன்ஜின்ல ஒட்டி உக்கார்ற தட்டையான விளிம்பு, அது மேல நேரான ஒரு ஸ்டீல் ஸ்கேலை வெச்சு வெளிச்சத்துல பாருங்க, வெல்டிங் சூட்டுல ஃபிளாஞ்ச் வளைஞ்சு வர்ற ஹெட்டர் நிறைய இருக்கு, அடியில வெளிச்சம் தெரிஞ்சா மாட்டாம திருப்பி அனுப்புங்க. கேஸ்கட் எப்பவும் புதுசு, அடுக்குத் தகடு வகைன்னா இன்னும் நல்லது, சிலிகான் பேஸ்ட் எதுவும் தடவ வேண்டாம், அந்த ஆவி சென்சாரை சாகடிக்கும்.

ஏத்தறப்ப எல்லா நட்டையும் முதல்ல விரலால நாலு சுத்து ஏத்துங்க, ஒண்ணை இறுக்கிட்டு இன்னொண்ணைத் தேடாதீங்க. கீழ ஓவர்பைப் இணைப்பு தளர்வாவே இருக்கட்டும், மேல ரெண்டு ஃபிளாஞ்சும் தன் இடத்துல உக்காந்தப்புறம், நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா மூணு சுத்துல இறுக்கற பலத்தை அளந்து காட்டற டார்க் ரெஞ்ச் வெச்சு இறுக்குங்க, அளவு உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கிறதுதான், மத்தவங்க சொல்ற அளவு வேண்டாம். அப்புறம் கீழ் இணைப்பு. சென்சார் மரைல அது இறுகிப் பிடிக்காம இருக்கத் தடவற ஆன்ட்டி சீஸ் பேஸ்ட் மெல்லிசா, நுனியில படவே கூடாது, புது சென்சார்னா ஏற்கெனவே தடவித்தான் வரும். வயர் குழாய்கிட்ட எங்கயும் உரசாம கட்டுங்க. ஆயில் பேன் ஹெட்டருக்கு ரொம்பக் கிட்ட இருக்கிறதால பழைய ஹீட் ஷீல்டுல எதை மாட்ட முடியுமோ அதைத் திரும்ப மாட்டுங்க, பளபளப்பு மறையுதேன்னு விட்டுடாதீங்க.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி குழாய் முழுக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைங்க, கைரேகையோட எண்ணெய் சூட்டுல வெந்து நிரந்தரக் கறையாயிடும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம், அது சூடான உலோகத்துல பட்டா விஷ வாயு வரும். காரை கராஜுக்கு வெளிய தள்ளிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, முதல் பத்து நிமிஷம் லேசா புகை வரும், அது மீதி எண்ணெய். ரெண்டு மூணு தடவை சூடேறி ஆறினப்புறம் திரும்ப ஒரு தடவை டார்க் செக் பண்ணுங்க. இதைத்தான் எல்லாரும் மறக்கறாங்க.

கேள்வி: நியூ ஜெர்சி வாசகர். ஹெட்டர் போட்டு ஒரு மாசம். காலைல ஸ்டார்ட் பண்ணினா டிக் டிக் டிக்னு சத்தம், பத்து நிமிஷத்துல போயிடுது. இப்ப கேட் சரியா வேலை செய்யலைன்னு காட்டற பி0420 கோடோட செக் இன்ஜின் லைட்டும் எரியுது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கலாம். ஆறின நிலைல வந்து சூட்டுல மறையற டிக் சத்தம்னா பெரும்பாலும் ஃபிளாஞ்ச்லயோ வெல்டிங்லயோ மெல்லிய லீக். 304 ஸ்டெயின்லெஸ் நிறைய விரியற உலோகம், ஒரு மீட்டர் குழாய் 500 டிகிரி சூடேறினா ஏறக்குறைய 9 மி.மீ. நீளும், விரிஞ்சதும் இடைவெளி மூடிக்குது, சத்தம் நின்னுடுது, ஆனா லீக் சரியாகல. லீக்ல புகை வெளிய மட்டும் போகல, வெடிகளுக்கு நடுவுல உறிஞ்சற நேரத்துல வெளிக்காத்து உள்ளயும் வருது, முன் சென்சார் அந்த ஆக்சிஜனைப் பாத்து பெட்ரோல் பத்தலைன்னு சொல்லும், ஈசியூ சும்மா பெட்ரோலைக் கூட்டும், அந்த அதிகப் பெட்ரோல் கேட்டைச் சுட்டுப் பழுதாக்கும். பின் சென்சார்கிட்ட லீக்னா நேராவே பி0420 வரும்.

ராத்திரி முழுக்க ஆறின வண்டில, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, வேக்வம் கிளீனரோட ஊதற பக்கத்தை டெயில் பைப்ல வெச்சுத் துணியால அடைச்சு ஓட விடுங்க, அடியில சோப்புத் தண்ணிய ஸ்ப்ரே பண்ணிட்டே வாங்க, குமிழி வர்ற இடம்தான். நட்டுத் தளர்வுன்னா டார்க் பண்ணுங்க, வெல்டிங் விரிசல்னா கழட்டித்தான் ஆகணும், மேலேர்ந்து புட்டி வெச்சு அடைக்கிறது ஒரு வாரம் தாங்காது. லீக் எங்கயும் இல்லைன்னா கேட்தான் காரணம், சதுர அங்குலத்துக்கு 200 செல் (துளை) இருக்கிற மலிவு கேட் பல வண்டில இந்த லைட்டைப் போடும். பின் சென்சாரைத் தள்ளி வெக்க ஸ்பேசர் விக்கறாங்க, அது காரை ஏமாத்தற வேலை, நான் யாருக்கும் போட்டதில்ல, நீங்களும் போடாதீங்க. நல்ல கேட் வாங்குங்க.

கேள்வி: கோயம்புத்தூர், இன்ஜினியரிங் மூணாவது வருஷ மாணவி. ஃபார்முலா பாரத் போட்டிக்கு கார் பண்றோம். எக்ஸாஸ்ட் குழாய் நீளத்தை எப்படிக் கணக்கு போடறது?

கரி மோட்டார் ஸ்பீட்வேல உங்க கார் ஓடறத நினைச்சாலே சந்தோஷமா இருக்கும்மா. ஆரம்பக் கணக்கு ஒண்ணு சொல்றேன். அலை போய்த் திரும்பி வர கிராங்க் சுமார் 120 டிகிரி சுத்தற நேரம்னு வெச்சுக்குங்க. 4000 ஆர்பிஎம்ல அது 5 மில்லி செகண்ட், 7000ல 2.86. சூடான புகைல அலையோட வேகம் தோராயமா நொடிக்கு 500 மீட்டர். போக வர ரெண்டு வழிங்கறதால பாதி, ஆக 4000க்கு 1.25 மீட்டர், 7000க்கு 0.71 மீட்டர். உங்க காருக்குக் காத்து உள்ள போற வழியைச் சுருக்கற ஏர் ரெஸ்ட்ரிக்டர் மேல் ஆர்பிஎம்ல காத்தை மூச்சு முட்ட வைக்கும், அதனால உச்ச ஆர்பிஎம்முக்கு டியூன் பண்ணாம, கார் வளைவுலேர்ந்து வெளிய வர்றப்ப எந்த ஆர்பிஎம்ல இருக்கோ அதுக்குப் பண்ணுங்க. குழாய முதல்ல கொஞ்சம் நீளமாவே விட்டு, சக்திய அளக்கிற டைனோ மெஷின்ல வெச்சு அறுத்து அறுத்துப் பாருங்க. அறுத்ததை ஒட்டறது கஷ்டம்.

கேள்வி: டொராண்டோ. ஹெட்டர்ல துணிப்பட்டை மாதிரி ராப் சுத்தலாமா?

வேண்டாம். உங்க ஊர்ல பனிக்காலம் பூரா ரோட்டுல உப்பு, அந்த உப்புத் தண்ணி ராப்புக்குள்ள ஊறி உக்காந்துக்கும், சாதா ஸ்டீல்னா துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ்னா சூடு வெளிய போகாம விரிசல் விடும், நிறைய கம்பெனி ராப் சுத்தினா வாரண்டியே கிடையாதுன்னு எழுதியே வெக்கறாங்க. செராமிக் கோட்டிங் போட்டு வாங்குங்க, காசு கூட, ஆனா ஒரு தடவைதான்.

கேள்வி: ஐயா, எனக்கு கார் பத்தி ஒண்ணும் தெரியாது, மெல்போர்ன்ல பையன் வீட்டுல இருக்கேன். அவன் ஸ்போர்ட்ஸ் கார்ல எஞ்சின்கிட்ட ஏதோ பைப் மாத்தினான். அதுலேர்ந்து உள்ள உக்காந்தா மூக்கு எரியுது, இறங்கினா தலை வலிக்குது. அவனுக்கும் வலிக்குதாம், சொல்ல மாட்டேங்கறான். பயப்படணுமா?

அம்மா, ஆமா, இதுல பயப்படணும். நீங்க எழுதினது நல்ல காரியம்.

அந்தப் பைப்புலேர்ந்து புகை லீக் ஆகி, கண்ணாடிக்குக் கீழ வைப்பர் பக்கத்துல இருக்கிற காத்து வாய் வழியா உள்ள வருதுன்னுதான் எனக்குப் படுது. மூக்கு எரியறது புகைல இருக்கிற மத்த வாயுக்களால, ஆனா ஆபத்தானது அது கூடவே வர்ற கார்பன் மோனாக்சைடு, அதுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, குமட்டல், மயக்கம், அப்புறம் தூக்கம் மாதிரி வந்து ஓட்டறவர் அப்படியே சாஞ்சிடுவார். கண்ணாடிய இறக்கிட்டு ஓட்டறேன்னு பையன் சொல்லுவான், அது போதாது, சில சமயம் பின்னாடி புகைய அது இன்னும் உள்ள இழுக்கும்.

இன்னிக்கே காரை நிறுத்தச் சொல்லுங்க, சரி பண்ற வரைக்கும் எடுக்கவே கூடாது. வீட்டோட ஒட்டின கராஜ்ல ஸ்டார்ட் பண்ணவும் கூடாது, கதவு திறந்திருந்தாலும் சரி. ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போங்க, கார்ல புகை வந்துதுன்னு மறக்காம சொல்லுங்க, சொன்னாதான் அவங்க ரத்தத்துல அதைப் பாப்பாங்க. ஹார்ட்வேர் கடைல கார்பன் மோனாக்சைடு அலாரம் கிடைக்கும், வீட்டுல ஒண்ணு மாட்டுங்க.

பையனைத் திட்டாதீங்க, ஆசையா பண்ணியிருக்கான், ஆசைப்பட்டு பண்றவன்தான் திரும்பக் கழட்டிச் சரியாவும் மாட்டுவான். மேல நியூ ஜெர்சிக்காரருக்கு நான் சொன்ன சோப்புத் தண்ணி விஷயத்தை அவன்கிட்ட படிச்சுக் காட்டுங்க, புது கேஸ்கட் வாங்கி வெச்சுட்டு வேலைய ஆரம்பிக்கச் சொல்லுங்க, எந்த இடத்துல குமிழி வந்துதுன்னு எனக்கு எழுதச் சொல்லுங்க, அடுத்த இதழ் வரைக்கும் காத்திருக்காம உடனே பதில் போடறேன்.